அமௌரியின் ஒரே வாடிக்கையாளர்

அமௌரி தோவாரைச் சோம்பேறி என்று எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. யோசிக்கிற வேலையை அவன் ஒருநாளும் நிறுத்தியதில்லை. மற்ற வேலைகளைத்தான் அவ்வப்போது நிறுத்தி வைப்பான். கூரைமேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டிய பழைய வெள்ளைக் கார் ஒன்று அவனிடம் இருந்தது. அதைத் தெருத்தெருவாக ஓட்டிக்கொண்டு போவான். பக்கத்து இருக்கையில் அவன் மனைவி நேரிஸ் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எந்தக் கடையில் எது மலிவு, எந்த வீட்டில் பன்றி அறுத்திருக்கிறார்கள், யாருடைய கழுதை காணாமல் போயிற்று என்று சொல்லிக்கொண்டு வருவாள். எங்கள் ஊரான புவெர்த்தோ காந்தேலாவில் ரேடியோ நிலையம் கிடையாது. பத்திரிகை படகேறி ஆற்றைத் தாண்டி வருவதற்குள் செய்தி ஊசிப் போய்விடும். ஆகையால் நேரிஸ் சொன்னால்தான் ஒரு விஷயம் நடந்ததாக அர்த்தம்.

நான் உபால்தினா. சந்தை மூலையில் முட்டை அரேப்பா பொரித்து விற்கிறேன். சோள மாவைத் தட்டி எண்ணெயில் போட்டு, உப்பியதும் வயிற்றைக் கீறி முட்டையை உடைத்து ஊற்றி, மறுபடி எண்ணெயில் விடுவேன். ஞானஸ்நானத்தின்போது என் மகனைத் தூக்கிக்கொண்டு நின்ற ஞானத்தாய் நேரிஸ்தான். எங்கள் பக்கத்தில் அந்த உறவு கூடப்பிறந்த உறவுக்கு ஒரு படி மேல்; நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்று கூப்பிட்டுக்கொள்வோம். அந்த வகையில் அமௌரி எனக்குக் கொம்பாத்ரே. ஆகையால் அவனைப் பற்றி உண்மையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. கொஞ்சம் பொய் சொல்லவும் உரிமை உண்டுதான், ஆனால் இந்த விஷயத்தில் அதற்குத் தேவையே ஏற்படவில்லை.

நேரிஸின் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெங்காய விலையை அவள் சொன்னால்கூட, வீட்டில் வெங்காயம் இருக்கிறவளும் ஒரு கிலோ வாங்கி வைப்பாள். அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. பிப்ரவரியில் காந்தெலாரியா மாதா திருவிழா வரும். சதுக்கத்தில் மேடை போட்டு, ஊர்ப் பெண்களில் ஒருத்தியைத் திருவிழா ராணியாக முடிசூட்டுவார்கள். அந்த மேடையில் மைக் பிடித்து நிகழ்ச்சி நடத்த ஒவ்வொரு வருடமும் கார்த்தஹேனாப் பட்டணத்திலிருந்து ஓர் ஆளைக் கூட்டி வருவார்கள். அவன் இறுக்கமான பேன்ட் போட்டுக்கொண்டு வந்து ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொல்வான். அந்த இடத்தில் தான் நிற்க வேண்டும் என்று நேரிஸ் பள்ளிக்கூடத்து நாளிலிருந்து ஆசைப்பட்டுக் கொண்டிருந்தாள். துணி துவைக்கும்போது ராணிப் போட்டிப் பெண்களைச் சோப்புக் கட்டிக்கு அறிமுகம் செய்துவைப்பதை நானே கேட்டிருக்கிறேன். கடைசியில் திருவிழாக் குழுவுக்கு ஒசீரிஸ் டீச்சர் தலைவியாக வந்ததும், வருகிற திருவிழாவுக்கு நீதான் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

அதே சமயம் பார்த்து அமௌரிக்கு அறிவு வந்தது. அது போன் வழியாக வந்தது.

போனில் ஒரு பயல் பேசுவான். பல் எல்லாம் பளிச்சென்று இருக்கும், பின்னால் நீச்சல் குளம் தெரியும். உள்ளூர்க் கடைகளுக்கு விளம்பரம் செய்து பணக்காரனாவது எப்படி என்று அவன் பாடம் நடத்துவான். கூப்பிட்ட கடைக்கெல்லாம் ஓடாதே, லாபம் தருகிற ஒரே ஒரு வாடிக்கையாளரைத் தேர்ந்தெடு, மற்றவர்களையெல்லாம் விட்டுத் தொலை என்பது அவன் உபதேசம். அமௌரி அதைக் காரில் கேட்பான், சாப்பிடும்போது கேட்பான், கழிப்பறையிலும் கேட்பான். ஒரு நாள் காலையில் என் அடுப்புக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். நான் வழக்கப்படி ஓர் அரேப்பாவை எடுத்துக் கொடுத்தேன்.

"கொமாத்ரே, உன்கிட்ட வர்ற ஒரு ஆளால உனக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டான்.

"ஒரு அரேப்பாவோட காசு. கடன் சொல்லாம இருந்தா."

"அதான் சிக்கல். நான் தெருத்தெருவா சுத்தி உனக்கு நாலு பேரைக் கூட்டிட்டு வந்தா, நாலு அரேப்பா விக்கும். அதுல எனக்கு என்ன தருவ?"

"ஒரு அரேப்பா. இத்தனை வருஷமா அதைத்தானே தின்னுட்டு இருக்க."

"அதைத்தான் நானும் சொல்றேன்." வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். "உன்னை நான் விட்டுடணும். மனசுல வச்சுக்காத. இது தொழில்."

"சரி விட்டுடு. கையில இருக்கறதைக் கீழ வச்சுட்டுப் போ."

அவன் வைக்கவில்லை. முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த கடையை விட்டுவிடப் போனான். அந்த வாரம் அவன் விட்டுவிட்ட கடைகளை எண்ணினால் சந்தையில் பாதி வரும். மீன்காரி, செருப்புத் தைக்கிறவர், ஐஸ் விற்கிறவர், லாட்டரிச் சீட்டு விற்கிறவர், எல்லோரிடமும் போய், மரியாதையாக, லாபம் போதவில்லை என்று சொல்லிவிட்டு வந்தான். தங்களை யாரோ பிடித்து வைத்திருந்தார்கள் என்பதே அவர்களில் பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு தேர்வு தொடங்கியது. நல்ல வாடிக்கையாளருக்கு என்ன லட்சணம் என்று போன்காரன் சொல்லியிருந்தான். அவரிடம் வருகிற ஓர் ஆளே பெரிய தொகையைக் கொண்டுவர வேண்டும். வருடம் முழுக்க ஆள் வர வேண்டும். வருகிறவன் பேரம் பேசக் கூடாது. அதோடு, அவருடைய ஆட்களை வேறு யாரோ இழுத்துக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் விளம்பரத்துக்கு அவர் ஏன் பையில் கையை விடப் போகிறார். அமௌரி நல்ல சட்டை போட்டுக்கொண்டு இந்த லட்சணங்களைத் தேடி ஊரைச் சுற்றினான்.

பல் டாக்டர் வில்பிரீதோவிடம் முதலில் போனான். ஆனால் எங்கள் ஊரில் கன்னம் வீங்கினால்தான் பல் டாக்டரிடம் போவார்கள். வீங்கியவனுக்கு விளம்பரம் தேவையில்லை, வலியே வழிகாட்டிவிடும். அதோடு டாக்டர் கூலியைப் பணமாகத் தராமல் பல்லை அடைத்துத் தருவேன் என்றார். அமௌரியின் வாயில் அடைக்க இடமில்லை. மோட்டார் சைக்கிள் கடை நல்ல கடைதான், ஆனால் ஆறு பெருகினால் பாதி வருடம் ஊருக்குள் படகுதான் ஓடும். கல்யாணக் கேக் செய்து விற்று, கவுன் வாடகைக்குக் கொடுக்கிற மிலாதிஸ் அம்மாவிடம் போனான். எங்கள் ஊரில் பாதிக் கல்யாணம் ஓடிப்போய்த்தான் நடக்கிறது, ஓடிப்போகிறவள் கேக் ஆர்டர் கொடுப்பதில்லை என்று அந்த அம்மாள் அழாத குறையாகச் சொன்னாள். வக்கீலிடம் லட்சணம் எல்லாம் இருந்தது. ஆனால் அவரிடம் போகிறவன் எவனும் அதை ஸ்பீக்கரில் கேட்க விரும்ப மாட்டான்.

அப்படிச் சுற்றிக்கொண்டு வரும்போது, ஆற்றங்கரைத் தெருவில், தோன் என்று ஊரே மரியாதை சேர்த்துக் கூப்பிடுகிற அர்ஹெமீரோ பூப்போவின் கடை வாசலில் கார் நின்றுபோனது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது. அமௌரி அதைக் கடவுள் சித்தம் என்று பிற்பாடு சொல்வான். கடையின் பெயர் நித்திய இளைப்பாற்றி. சவப்பெட்டி, மெழுகுவர்த்தி, பூ, பாதிரியார், நாற்காலி, காபி, எல்லாம் ஒரே இடத்தில் ஏற்பாடு செய்து தருவார்கள்.

அமௌரி இறங்கி நின்று யோசித்தான். ஓர் ஆளே பெரிய தொகை. வெள்ளம் வந்தாலும் சாகிறார்கள், வறட்சி வந்தாலும் சாகிறார்கள். வருகிறவன் பேரம் பேசுவதில்லை. அவன் வீட்டாரும் ஊர் முன்னால் பேரம் பேச வெட்கப்படுகிறார்கள். போதாக்குறைக்கு, அக்கரை ஊரில் ஏசி போட்ட புதுச் சாவுக் கூடம் ஒன்று திறந்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பிணங்கள் படகேறி அங்கே போகத் தொடங்கியிருந்தன. தோன் அர்ஹெமீரோ அந்தப் படகுகளைப் பார்த்துப் பார்த்து இளைத்துப் போயிருந்தார்.

பேச்சு ஒரு காபி குடிக்கிற நேரத்தில் முடிந்தது. அவர் ஒரு நிபந்தனை போட்டார். "என்னோட இறந்தவர் பேரைச் சொல்ற வாய், அடுத்த தெருவுல தக்காளி விலை சொல்லக் கூடாது. மரியாதைன்னு ஒண்ணு இருக்கு." வண்டியும் குரலும் அவருக்கு மட்டும். போன்காரனும் ஒரே வாடிக்கையாளர் என்றுதானே சொல்லியிருந்தான். அமௌரி ஒப்புக்கொண்டு, கைகுலுக்கி, காருக்குப் பெட்ரோல் போடவும் அவரிடமே முன்பணம் வாங்கிக்கொண்டு வந்தான்.

"எனக்குச் சாவு சொல்ல வராது" என்றாள் நேரிஸ்.

"உனக்கு வராதது எது இருக்கு?"

"திருவிழா மேடை?"

"கேட்டுட்டேன். அது மாதா விஷயம், கடை இல்லை, பேசட்டும்னுட்டாரு. பெரிய மனுஷன்."

நியாயமாகச் சொல்ல வேண்டும், பணம் வந்தது. ஒழுகிய கூரையை மாற்றினார்கள். புதுக் குளிர்சாதனப் பெட்டி வந்தது. அமௌரி சந்தைக்குள் நடக்கிற நடையே மாறியது. என்னைப் பார்த்தால் பெரிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த சொந்தக்காரன் மாதிரி தலையை ஆட்டுவான்.

நேரிஸுக்குச் சாவு சொல்ல வந்தது. அதுதான் கேடு. மெதுவாக ஊர்ந்து வரும் காரிலிருந்து முதலில் ஆர்கன் இசை கேட்கும். பிறகு அவள் குரல் வரும்: "ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறோம்." இறந்தவர் பெயர், அவருடைய பிள்ளைகள் பெயர், பேரன் பேத்திகள் பெயர், கடைசியில் அடக்க நேரம். முன்பின் தெரியாத கிழவன் செத்ததாகச் சொன்னாலும் கேட்கிறவள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எங்கள் ஊரில் சாவு வண்டி போனால் ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள், பெண்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள், பாட்டு பாடுகிற பெட்டியை அணைப்பார்கள். முடி வெட்டுகிறவர் கத்தியை உயரத் தூக்கிக்கொண்டு நிற்பார். தொமினோ ஆடுகிறவர்கள் கட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். நானும் வாணலியை இறக்கி வைப்பேன்; எண்ணெய் ஆறிப்போகும், அரேப்பா எண்ணெயைக் குடித்துவிடும். தோன் அர்ஹெமீரோவின் வியாபாரம் நன்றாக நடந்தது, என் வியாபாரம் எண்ணெயில் போயிற்று.

முதலில் அறிவிப்பைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள். பிறகு கார் தெரிந்தாலே கழற்றினார்கள். கிழவர் எவுசேபியோ வாசலில் கட்டிய வலைத் தூளியில் படுத்துக்கொண்டு, கார் வேகம் குறைந்தாலே கையை ஆட்டி, "முன்னாடி போ, முன்னாடி போ, இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று விரட்டுவார். கொஞ்ச நாளில் காரும் வேண்டியதில்லை, நேரிஸ் வாயைத் திறந்தால் போதும் என்றாகிவிட்டது. மளிகைக் கடையில் போய்க் கால் கிலோ பாலாடைக்கட்டி கேட்டாள். கடைக்காரர் தாகோபெர்தோ ரேடியோவை அணைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு கட்டியை வெட்டிக் கொடுத்தார். காசு வாங்கும்போது, "மனசைத் தேத்திக்கம்மா" என்றார். என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே அவர் வாயில் அது வந்துவிட்டது.

அதன்பிறகு அவள் கடைகளில் கையைக் காட்டித்தான் வாங்கினாள்.

ஒரு காலையில் என்னிடம் வந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, காதருகில் மெல்லப் பேசினாள். "கொமாத்ரே, என் சித்தி மக லெய்தீஸ் குழந்தைக்கு நான்தான் ஞானத்தாயா நிக்கணும்னு கேட்டிருந்தாளே. இப்ப வேற ஆளைப் பாத்துட்டாளாம். பேர் வைக்கிற அன்னைக்கு நான் குழந்தை பேரை வாய்விட்டுச் சொல்லணுமாமே. அது அவளுக்குப் பயமா இருக்காம்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "அமௌரிகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அதுக்குப் பேரு பிராண்டாம். கோலா விக்கிறவங்க கோடி கோடியா செலவு பண்ணியும் கிடைக்காதது நமக்கு இனாமா கிடைச்சிருக்காம்." அவள் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே வீட்டுல அவன்கூடப் பேசப் போறதில்லை. வண்டியில பேசறதோட சரி."

அப்படியே செய்தாள். அமௌரி அதையும் தப்பாகத்தான் புரிந்துகொண்டான். திருவிழாவுக்காகத் தொண்டையைப் பாதுகாக்கிறாள் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னான்.

திருவிழா நெருங்கியபோது ஒசீரிஸ் டீச்சர் நேரிஸ் வீட்டுக்குப் போனார். நானும் அங்கே இருந்தேன். டீச்சர் நல்லவர், ஆனால் நல்லவர்கள் சொல்ல வந்ததைச் சொல்வதற்குள் காபி ஆறிவிடும்.

"குழுவுல சில பேர் என்ன சொல்றாங்கன்னா," என்று தொடங்கினார், "கார்த்தஹேனாக்காரனையே இந்தத் தடவையும்..."

"நீங்க வாக்குக் குடுத்தீங்க டீச்சர்" என்றாள் நேரிஸ்.

அவள் குரல் கேட்டதும் டீச்சரின் கை சிலுவை போடத் தானாக நெற்றிக்குப் போனது. பாதியில் நிறுத்தி, முடியை ஒதுக்குவது போல் ஒதுக்கிக்கொண்டார். நேரிஸ் அதைப் பார்த்துவிட்டாள். நானும் பார்த்தேன்.

"குடுத்தேன்" என்றார் டீச்சர். "ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கோ. இது கெட்டுப்போச்சுன்னா, அடுத்த வருஷம்னு ஒண்ணு உனக்குக் கிடையாது. எனக்கும் கிடையாது."

திருவிழா அன்று வெயில் தாழ்ந்த நேரத்தில் சதுக்கம் நிரம்பிவிட்டது. மேடையில் காகிதப் பூ. ஒரு பக்கம் பித்தளை வாத்தியக்காரர்கள் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினார்கள். ராணிப் போட்டிப் பெண்கள் பளபளக்கிற கவுனில் வியர்த்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ரம் பாட்டில்கள் கைமாறின. பாதிப் பேர் ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்தார்கள். மேடைக்குக் கீழே அமௌரி போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கத் தயாராக நின்றான். முன்வரிசையில் தோன் அர்ஹெமீரோ வெள்ளை லினன் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

நேரிஸ் மஞ்சள் உடுப்பில் மேடையேறினாள். அவ்வளவு அழகாக அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மைக்கைக் கையில் எடுத்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னாள்: "புவெர்த்தோ காந்தேலா மக்களே, எல்லாருக்கும் மாலை வணக்கம்."

வாத்தியம் நின்றது. டிரம்பெட்காரர் டிரம்பெட்டை வாயிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். பிறகு சதுக்கத்தில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தொப்பிகள் இறங்கின. நானும் என்னை அறியாமல், சதுக்கத்து ஓரத்தில் போட்டிருந்த அடுப்பிலிருந்து வாணலியை இறக்கிவிட்டேன். ராணிப் போட்டிப் பெண் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டு, கூட்டத்தில் தன் அப்பாவைத் தேடினாள், இருக்கிறாரா என்று.

எங்கேயோ பின்னாலிருந்து ஒரு கிழவர், பரிவாக, தாழ்ந்த குரலில் கேட்டார். அந்த அமைதியில் அது எல்லோருக்கும் கேட்டது. "யாரும்மா தவறிட்டாங்க?"

நேரிஸின் சிரிப்பு அப்படியே நின்றது. ஒசீரிஸ் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு மேடையில் ஏறி அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும் போலிருந்தது. அவள் குனிந்து கீழே பார்த்தாள். கீழே அமௌரி ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டை விரலை அவளுக்கு உயர்த்திக் காட்டினான். ஊரே ஒரே சொல்லில் தொப்பி கழற்றியதைப் பார்த்து அவன் முகம் பூரித்திருந்தது.

அந்தக் கட்டை விரலை அவள் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். ஒரு தடவை கழுதை ஒன்று அவள் துவைத்த துணியைத் தின்றபோது அப்படிப் பார்த்தாள். நிமிர்ந்து நின்றாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். அந்தக் குரலில், ஊர்ந்து போகிற காரின் அதே குரலில், ஆரம்பித்தாள்.

"ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறோம். அன்புக் கணவரும், ஊரறிந்த யோசனைக்காரருமான அமௌரி தோவார் அவர்கள், இன்று மாலை, இதே சதுக்கத்தில் காலமானார். மூளைக்கு ஏறிய தொழில் அறிவு திரும்ப இறங்காததே காரணம் என்று தெரிகிறது. அன்னாரால் கைவிடப்பட்ட மீன்காரி, செருப்புத் தைப்பவர், ஐஸ்காரர், அரேப்பாக்காரி ஆகியோரும், விதவை நேரிஸும், மீளாத் துயரில் இருக்கிறார்கள். அன்னாரின் உடல் இதோ மேடைக்குக் கீழே, கையில் போனோடு, நின்ற நிலையில் வைக்கப்பட்டுள்ளது. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் நாளை மாலை வீட்டுக்கு வரலாம். காபி உண்டு."

முதலில் தொமினோ ஆடுகிறவர்கள் பக்கத்தில் ஒருவர் குபீரென்று சிரித்தார். அந்தச் சிரிப்பு சதுக்கம் முழுக்கப் பரவிற்று. தொப்பிகள் தலைக்குத் திரும்பிப் போயின, சில காற்றிலும் பறந்தன. டிரம்பெட்காரர் ஊத முயன்று, சிரிப்பில் எச்சிலைத்தான் துப்பினார். எங்கள் பக்கத்தில் கார்னிவல் கடைசி நாளில் ஒரு பொம்மையைப் பாடையில் கிடத்தி ஊரே பொய் ஒப்பாரி வைக்கும் வழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தில் நாலு பேர் அமௌரியைக் கையும் காலுமாகத் தூக்கிவிட்டார்கள். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு பின்னால் போனோம். "என்னை வேண்டாம்னு விட்டுட்டுப் போன மகராசா" என்று நான் வைத்த ஒப்பாரியை ஊரில் இன்னமும் பாராட்டுகிறார்கள். அதில் பாதி பொய்யில்லை.

மேடையில் நேரிஸ் நிகழ்ச்சியை நடத்தினாள். பெண்களை அறிமுகப்படுத்தினாள், கேலி செய்தாள், பாட வைத்தாள். முடிசூட்டும்போது அவள் குரலைக் கேட்டு ராணியின் அம்மா அழுதாள். அது சந்தோஷ அழுகை. ஊர்ப் பெயரும் அந்த வருடம்தான் மேடையில் சரியாகச் சொல்லப்பட்டது.

மறுநாள் மாலை ஊர் நிஜமாகவே துக்கம் விசாரிக்க வந்துவிட்டது. காபி உண்டு என்று சொன்ன பிறகு எங்கள் ஊரில் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முற்றத்தில் தொமினோ மேசை போட்டார்கள். அமௌரியை நல்ல சட்டை போடச் சொல்லிக் கூடத்தின் நடுவில் உட்கார வைத்தார்கள். ஆரம்பத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஆனால் துக்க வீட்டில் இறந்தவரைப் பற்றி நல்லதாகத்தானே பேசுவார்கள். மீன்காரி அவனுடைய கைராசியைப் புகழ்ந்தாள். ஐஸ்காரர், "எவ்வளவு நல்ல மனுஷன், என்னை விடும்போதுகூட மரியாதையாத்தான் விட்டான்" என்றார். கேட்கக் கேட்க அவனுக்கே கண் கலங்கியது. நடுவில் என்னைக் கூப்பிட்டு, "கொமாத்ரே, கூட்டத்தைப் பாத்தியா? மேயரோட அப்பா சாவுக்குக்கூட இவ்வளவு பேர் வரலை" என்றான். இவன் தேறமாட்டான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

நேரிஸ் எல்லோரிடமும் பேசினாள், வாய்விட்டுச் சிரித்தாள். அவனிடம் மட்டும் பேசவில்லை. காபியைக்கூட என் கையில்தான் கொடுத்து அனுப்பினாள்.

அப்போதுதான் தோன் அர்ஹெமீரோ வந்தார். கோபமாக வருவார் என்று எதிர்பார்த்தோம். அவர் சிரித்துக்கொண்டு வந்தார். அமௌரிக்கு எதிரில் உட்கார்ந்து, ஒரு புது ஒப்பந்தக் காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்து, அதன் மேல் தன் பேனாவை வைத்தார்.

"நேத்து என் கண்ணால பாத்தேன்" என்றார். "ஒரு சொல்லுக்கு ஊரே தொப்பியைக் கழட்டுது. அக்கரைக்காரன் ஏசி போட்டாலும் சரி, ஐஸ் மலையே வச்சாலும் சரி, இது அவனுக்குக் கிடைக்காது. கூலி இனி ரெண்டு மடங்கு. அஞ்சு வருஷத்துக்கு. ஒரே ஒரு விஷயம். அந்தக் குரல்ல இனி விளையாட்டு வேண்டாம். மேடை வேண்டாம், திருவிழா வேண்டாம், கேலி வேண்டாம். சாவு மட்டும்."

தொமினோக் கட்டைகள் நின்றன. போன்காரன் சொன்ன லட்சணங்கள் ஒவ்வொன்றும் அந்தக் காகிதத்தில் இருந்தன. ஊரில் வேறு யாரும் அமௌரிக்கு அந்தக் கூலியைத் தர மாட்டார்கள், அது அவனுக்கும் தெரியும். நேரிஸ் சமையலறை வாசலில் காபித் தட்டோடு நின்றாள். கெஞ்சவுமில்லை, முறைக்கவுமில்லை. முந்தின நாள் வாய் நிறையச் சிரித்தவளின் முகம் அப்போது எப்படி இருந்தது என்பதை நான் சொல்ல மாட்டேன். அமௌரி பேனாவைக் கையில் எடுத்தான். எனக்கு நாக்கு நுனியில் ஒரு சாபம் வந்து நின்றது.

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு பேனாவை மூடி, காகிதத்தின் மேல் மெல்ல வைத்து, அதைத் தோன் அர்ஹெமீரோ பக்கமாகத் தள்ளினான்.

"மன்னிக்கணும் ஐயா" என்றான். "நேத்து சாயங்காலம் நான் செத்துட்டேன். ஊரே சாட்சி. செத்தவன் போட்ட கையெழுத்து செல்லாது."

யாரும் சிரிக்கவில்லை. தோன் அர்ஹெமீரோ வியாபாரி. திரும்பி நேரிஸைப் பார்த்தார். "விதவை போடலாமே?"

"விதவை துக்கத்துல இருக்கா ஐயா" என்றாள் நேரிஸ். "காபி எடுத்துக்கோங்க."

அவர் காபியை முழுக்கக் குடித்தார். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முறைப்படி அவளிடம் துக்கம் சொல்லிவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். அடுத்த மாதம் கூரைக்கும் அரிசிக்கும் என்ன செய்வது என்று அமௌரிக்கு ஒரு யோசனையும் இல்லை என்பது அவன் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. அவனை அப்படி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நேரிஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"செத்தது போதும்" என்றாள். "எந்திரிச்சு வந்து சாப்பிடு."